பதின்மூன்றாம் பாரம்

வாக்குமூலம் என்றால் குற்றத்தை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை. சூழ்நிலை, சாட்சி, கருணை மனு எல்லாம் அதற்குப் பிறகு. ஆகவே சொல்லிவிடுகிறேன். நான் சொந்தச் செலவில் ஒரு நாவல் போட்டேன். அது அச்சாகி வந்த பிறகு நானே அதைப் படிக்கவில்லை. அதைப் புகழ்ந்து ஒரு மதிப்புரை எழுதி, என் மருமகன் பெயரில் வெளிவரச் செய்தேன். பின்னட்டையில் ஒரு பொய்யை அச்சடித்தேன். இத்தனையும் செய்துவிட்டு, மலேசியாவில் தமிழ் வாசகன் செத்துப் போனான் என்று மேடைக்கு மேடை ஒப்பாரி வைத்தேன்.

நாவலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இதுவும் விளம்பரக் கணக்கில் சேர்ந்துவிடும். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

நான் ஜொகூர்க்காரன். ஸ்கூடாய்ப் பக்கம் வீடு, சிங்கப்பூர் துவாஸில் வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் இரண்டாம் பாலத்தைக் கடந்து, இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெருங்கூட்டத்தில் ஒருவன். கொரோனாவால் 2020 மார்ச் 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. வேலை போய்விடக் கூடாதே என்று அதற்கு முன்பே ஒரு துணிப்பையோடு அக்கரைக்குப் போய்விட்டேன். இரண்டு வாரம் என்றார்கள். தரைவழி எல்லை பழையபடி திறக்க 2022 ஏப்ரல் ஆயிற்று. அந்த இடைவெளியில், பலரோடு பங்கிட்டுக்கொண்ட வாடகை அறையில், கட்டிலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு கைப்பேசியில் தட்டித் தட்டி எழுதியதுதான் என் நாவல்.

கதை எங்கள் குடும்பத்துக் கதை. தாத்தா குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தார். ஆனால் சாகும்வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அப்பா காலத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். என் காலத்தில் செம்பனையையும் சாய்த்துத் தாமான் என்னும் குடியிருப்பு கட்டினார்கள். தோட்டத்து ஆட்களின் லயம் இருந்த இடத்தில் இன்று கார் கழுவும் கடை இருக்கிறது. இப்போதும் சொல்கிறேன், கதை நல்ல கதைதான். கெடுத்தது நான்.

முதலில் பயத்தைச் சொல்கிறேன். நான் எழுதிக்கொண்டிருந்தபோதுதான், 2020 டிசம்பரில், ம. நவீனின் 'பேய்ச்சி' நாவலை உள்துறை அமைச்சு தடை செய்தது. 2019இல் வெளிவந்த நாவல் அது. 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்கீழ், ஆபாசம் என்று காரணம் காட்டித் தடுத்தார்கள். அதற்குமுன் தமிழர்களிடையேயே கூச்சல் எழுந்திருந்தது, தோட்டத்து ஏச்சுப் பேச்சை அப்படியே எழுதலாமா என்று. என் நாவலிலும் ஓர் அப்பாயி இருந்தாள். தண்டலைத் திட்டினால் லயமே காதைப் பொத்திக்கொள்ளும். என்னை யாரும் மிரட்டவில்லை, ஒரு கடிதம்கூட வரவில்லை. நானாகவே அவள் வாயைக் கழுவிவிட்டேன். அச்சில் அவள் வானொலிச் செய்தி வாசிப்பவள் மாதிரி பேசினாள். நண்பர்கள் கேட்டபோது "பண்பாடு" என்று சொன்னேன். பயம் என்று சொல்லியிருக்க வேண்டும். தடையைக் கண்டித்து ஒரு வரி எழுதவும் இல்லை.

இங்கே தமிழில் நாவல் வருவதென்றால், பெரும்பாலும் எழுதினவனே கைக்காசு போட்டுப் போடுவதுதான். 1917இல் க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' வந்ததிலிருந்து மலேசியத் தமிழ் நாவலுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. இன்றும் நாவலை வாங்கிப் படித்து, தேறுமா என்று பார்த்து, பணம் போட்டு வெளியிடும் பதிப்பகங்களை எண்ண ஒரு கை போதும். இதைச் சொல்லிப் புலம்புவதில் நான் கெட்டிக்காரன். டேவான் பகாசா டான் புஸ்தாகா 1956இல் பாலாய் புஸ்தாகா என்ற பெயரில் எங்கள் ஜொகூர் பாருவில்தான் பிறந்தது, மலாய் இலக்கியத்துக்கு அப்படி ஓர் அரசாங்க வீடு இருக்கிறது, நமக்கு என்ன இருக்கிறது என்பேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் தமிழ் ஆட்சிமொழி, தேசியக் கலை மன்றத்தின் மானியம் உண்டு, இந்தப் பக்கம் எழுத்தாளன் நகையை அடகு வைக்கிறான் என்பேன். அத்தனையும் உண்மை. ஆனால் என் விஷயத்தில் அது சாக்கு. நான் எதையும் அடகு வைக்கவில்லை. சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம் வாங்குகிறவன். அப்போது அதை ரிங்கிட்டாக மாற்றினால் மூன்று மடங்குக்கு மேல் வந்தது. என்னிடம் பணம் இருந்தது. அதுதான் வினையாய்ப் போயிற்று. பணம் இருந்ததால் யாரிடமும் போய் நின்று "இது தேறுமா?" என்று கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை.

நம் ஊரில் கேட்கிற வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். எழுத வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் அனுப்பியதைத் திருத்தி, தரம் பிரித்துச் சொன்னார்கள். பின்னாளில் பெயர் பெற்ற பலர் அதில் தேறி வந்தவர்கள். அதே பத்தாண்டில் கு. அழகிரிசாமி கோலாலம்பூருக்கு வந்து அந்தப் பத்திரிகையில் ஆசிரியராக இருந்தார். அவரைச் சுற்றி இளைஞர்கள் கூடி, எழுதியதைக் காட்டித் திட்டு வாங்கினார்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. நின்ற அன்று நானும் வருத்தப்பட்டேன். ஆனால் அது நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ஒரு கதையை அனுப்பித் திருப்பி வாங்கும் துணிச்சல் எனக்கு இருந்ததில்லை. திருப்பி அனுப்ப ஆளில்லாத இடமாகப் பார்த்துத்தான் எழுத வந்தேன். அதற்குச் சுதந்திர எழுத்தாளன் என்று பெயரும் வைத்துக்கொண்டேன்.

எல்லை திறந்ததும் மண்டபத்துக்கு முன்பணம் கட்டினேன். அப்போது நாவலின் கடைசி அத்தியாயங்கள் எழுதப்படவே இல்லை. டத்தோ பட்டம் பெற்ற ஒரு பிரமுகரின் தேதி கிடைத்துவிட்டது, அதை விட்டால் அடுத்த தீபாவளி தாண்டிவிடும் என்றார்கள். ஆகவே மூன்று தலைமுறைக் கதையின் முடிவை டத்தோவின் நாட்காட்டி தீர்மானித்தது. கதாநாயகனுக்கு இன்னும் கொஞ்ச நாள் தேவைப்பட்டது. மண்டபம் காலி இல்லாததால் அவன் சீக்கிரமே செத்துப்போனான்.

அச்சு சென்னையில். ஐந்நூறு படி போதும் என்று அச்சகத்தில் யோசனை சொன்னார்கள். ஆயிரம் போட்டால் படிக்கு ஆகும் செலவு குறையும் என்று கணக்குக் காட்டி ஆயிரம் போடச் சொன்னது நான்தான். மாதிரிப் படி ஒன்றைக் கூரியரில் அனுப்பி, ஒருமுறை முழுக்கப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று செய்தியும் போட்டார்கள். உறையைப் பிரித்தேன். அட்டையைத் தடவினேன். முதுகில் என் பெயரைப் பார்த்தேன். நன்றியுரைப் பக்கத்தைப் படித்தேன். மூடிவிட்டு "அருமை, அச்சடிக்கலாம்" என்று பதில் போட்டேன். காலையில் வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் காரணமில்லை. என் எழுத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரு வாசகனாக உட்கார்ந்து படிக்க எனக்குப் பயமாக இருந்தது. படித்தால் தெரிந்துவிடும்.

வெளியீட்டு விழாவுக்குக் கூட்டம் நிறைய. குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, வாழ்த்துரைகள், பொன்னாடைகள். ஆய்வுரை ஆற்றியவர் என் முன்னுரையை ஆய்ந்தார். டத்தோ முதல் நூலைப் பெற்றுக்கொண்டு, தமிழ் மொழியின் தொன்மையைப் பற்றிப் பேசி, அடுத்த நிகழ்ச்சிக்குப் போனார். பிறகு வரிசை தொடங்கியது. ஒவ்வொருவராக மேடையேறி, உறையைக் கையில் வைத்து, நூலை வாங்கிக்கொண்டு, படம் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். என் மைத்துனர் ஒரு பள்ளிக்கூட நோட்டில் பெயரும் தொகையும் எழுதிக்கொண்டிருந்தார், கல்யாண மொய் எழுதுவது போலவே. நூலின் விலை நாற்பது மலேசிய வெள்ளி. அந்த நோட்டில் நாற்பது என்ற எண்ணே கிடையாது. ஐம்பது, நூறு, இருநூறு. விலை கொடுத்து வாங்கியவர் ஒருவரும் இல்லை, மரியாதை செய்தவர்கள்தான் எல்லாரும். அச்சுச் செலவு அன்று மாலையே வந்துவிட்டது. வெற்றி என்று நினைத்தேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் உள்ளவர்களில் பலர் எழுத்தாளர்கள். அவர்கள் விழாவுக்கு நான் போய் வைத்த உறைக்குப் பதில் உறை அது. அவர்கள் தந்த நூல்கள் என் வீட்டு அலமாரியில் பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல் நின்றன. மலேசியத் தமிழ் எழுத்தை யாரும் படிப்பதில்லை என்று மேடையில் முழங்கியவனின் அலமாரி இது. அந்த 'யாரும்' என்பதில் முதல் ஆள் நான்.

மிச்சப் பெட்டிகள் விற்க வேண்டுமே என்று மதிப்புரைக்கு ஆள் தேடினேன். கேட்டவர்கள் எல்லாம் "படிச்சிட்டு எழுதுறேன் சார்" என்றார்கள். படிக்கவும் இல்லை, எழுதவும் இல்லை. ஓர் இரவு நானே உட்கார்ந்து எழுதினேன். நாவல் எழுதியபோது வராத வேகம் அன்று வந்தது. குளுவாங் ரயில் நிலையத்தில் ஆட்களைச் சரக்குப் பெட்டியில் ஏற்றும் காட்சி "மலேசியத் தமிழ் நாவலின் உச்சங்களில் ஒன்று" என்று எழுதினேன். மருமகன் பெயரைப் போட்டு ஒரு ஞாயிறு இதழுக்கு அனுப்பினேன், வந்துவிட்டது. வால்ட் விட்மனும் இதைச் செய்தார் என்று பிறகு தெரிந்துகொண்டு ஆறுதல் அடைந்தேன். 1855இல் 'புல்லின் இதழ்கள்' தொகுப்பைச் சொந்தப் பொறுப்பில் வெளியிட்டு, பெயர் போடாமல் தானே புகழ்ந்து மதிப்புரைகள் எழுதினார் அவர். ஆனால் விட்மன் அந்தத் தொகுப்பைத் திறந்து பார்த்திருப்பார். அச்சுக்கோப்பில்கூடக் கொஞ்சம் கைவைத்தவர் அவர்.

சில மாதம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. குளுவாங்கிலிருந்து ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர். விழாவுக்கு வராதவர். ஒரு கடையில் நாற்பது வெள்ளி கொடுத்து வாங்கியவர்.

"தம்பி, 192ஆம் பக்கத்துக்கு அப்புறம் என்னா ஆச்சு?"

"என்னங்கய்யா?"

"மறுபடியும் 177லேர்ந்து வருது. அது முடிஞ்சா நேரா 209. நடுவுல பதினாறு பக்கத்தக் காணோம். பேப்பர்ல எழுதியிருந்தாங்களே, ஸ்டேஷன்ல ரயில் ஏத்துற எடம் அவ்ளோ நல்லாருக்குன்னு. அதத்தான் தேடிக்கிட்டிருக்கேன். எழுதுன பையன் எந்த புக்கப் படிச்சான்?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அச்சகத்துக்காரர்கள் பதினாறு பக்கத்தை ஒரு பாரம் என்பார்கள். பன்னிரண்டாம் பாரம் இரண்டு முறை சேர்ந்து, பதின்மூன்றாம் பாரம் விட்டுப்போயிருந்தது. மாதிரிப் படியிலும் அப்படியே. நான் "அருமை" என்று சொன்னது அதைத்தான்.

அவர் விடவில்லை. "சயாம் ரயிலப் பத்தி யாரும் தொட்டதில்லன்னு பின்னாடி போட்ருக்கீங்களே, சண்முகம் எழுதுனதப் படிச்சிருப்பீங்கதானே?"

"படிச்சிருக்கேங்கய்யா" என்றேன். படித்ததில்லை.

அன்றிரவு பெட்டி பெட்டியாகப் பிரித்தேன். திறந்து பார்த்த ஒவ்வொன்றிலும் 192க்குப் பிறகு 177. மேடையில் உறை வைத்து வாங்கிப் போனவர்களில் ஒருவர்கூட இத்தனை மாதமும் இதைச் சொல்லவில்லை. தட்டிக்கழிக்க முடியாத அத்தாட்சி. என் மனைவியிடம் கோபமாகக் கேட்டேன், நீயாவது படித்திருக்கக் கூடாதா என்று. "நீங்களே படிக்கல, என்னையக் கேக்குறீங்க" என்றாள்.

அடுத்த வாரம் வேலை முடிந்து, சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போனேன். மலேசியத் தமிழ் நாவல்களை அங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள். அடைபட்டுக் கிடந்த காலத்தில் நூலகம் திறந்த பிறகு நான் நினைத்தால் போயிருக்கலாம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வந்தது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' 2005இல். இரண்டும் நாவல்கள். இரண்டும் நான் யாரும் தொடாத களம் என்று பின்னட்டையில் தடித்த எழுத்தில் போட்ட அதே களம். 415 கிலோமீட்டர்ப் பாதை. 1942இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கில் தமிழர்கள் போனார்கள். இறந்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம் ஆட்களுக்கு அப்படி இல்லை. அவர்கள் பெயரை எழுத்தில் வைத்துப்போக முன்னோடிகள் உழைத்திருக்கிறார்கள். என் பின்னட்டை ஒரே வரியில் அந்த உழைப்பை இல்லாமல் ஆக்கியது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. விசாரிக்காமல் இருந்தால் வசதியாக இருக்கும் என்று தெரிந்தே செய்தேன்.

முன்னே படித்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். சயாம் காட்டில் எனக்கு வேலையே இல்லை. நான் எழுத வேண்டியது, திரும்பி வந்த மனிதர் வாய் திறக்காமல் இருந்த வருடங்களை. ரயில் சத்தம் கேட்டால் சோற்றுத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாராம். பாட்டி சொன்னது. அது என் ஒருவனுக்குத்தான் தெரியும். அதை ஒரே பத்தியில் முடித்துவிட்டு, அவர் பேசாததை எல்லாம் நான் பேச வைத்திருந்தேன். ரயிலடியில் நின்று தாத்தா பக்கம் பக்கமாக வசனம் பேசினார். திருத்துபவர் ஒருவர் இருந்திருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பார்.

மேடைகளில் நான் பாரதியையும் இழுத்திருக்கிறேன். 1920இல் அவர் தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் படி போடத் திட்டமிட்டார். ஊருக்கெல்லாம் கடிதம் எழுதினார். பணம் வரவில்லை, மறு ஆண்டு போய்விட்டார். பாரதிக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்ன என்று சொல்லிக் கைத்தட்டு வாங்கினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. பாரதி கேட்டது கடன். வட்டி போட்டுத் திருப்பித் தருவதாகச் சொல்லித்தான் கேட்டார். நாட்டில் படிக்க ஆள் உண்டு, விற்கும் என்று நம்பிக் கேட்டார். நான் வாசகனை நம்பவில்லை. உறவையும் தாட்சண்யத்தையும் நம்பினேன். போட்டதை எடுத்துவிட்டேன். ஆகவே நட்டக் கணக்கு எழுதவும் எனக்கு உரிமை இல்லை.

பிறகு செய்தவை: பெட்டிகளில் இருந்ததைப் பழைய காகிதக் கடைக்குப் போட்டேன். விடுபட்ட பாரத்தைச் சேர்த்து, இந்தமுறை உள்ளூரிலேயே, கேட்பவர்களுக்கு மட்டும் சில படிகளாக அச்சிட்டேன். பின்னட்டை வாசகத்தை எடுத்துவிட்டு, முன்னோடிகள் இருவரின் பெயரையும் அவர்கள் நூல்களின் பெயரையும் போட்டேன். விழா வைக்கவில்லை. பழைய படியைக் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன் என்று எல்லாருக்கும் சொல்லி அனுப்பினேன். சிலர் கேட்டார்கள், பலர் "என்ன மாற்றம்?" என்றார்கள். அலமாரி நூல்களின் உறையைக் கிழிக்கத் தொடங்கியிருக்கிறேன். சில தேறவில்லை. சிலவற்றைப் படித்துவிட்டு, எழுதியவர்களை அழைத்துப் பேசினேன். ஒருவர் போனிலேயே அழுதுவிட்டார். அவர் நாவல் வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன, அதுவரை உள்ளே இருந்ததைப் பற்றி யாரும் பேசவில்லையாம்.

செய்யாமல் வைத்திருப்பது ஒன்று உண்டு. அந்த ஞாயிறு இதழின் ஆசிரியருக்கு இன்னும் உண்மையை எழுதவில்லை. மருமகன் பெயர் கெட்டுவிடும் என்பது நான் சொல்லிக்கொள்ளும் காரணம். கெடப்போவது யார் பெயர் என்று மருமகனுக்கே தெரியும். இந்த வாக்குமூலம் வெளிவந்தால் ஆசிரியருக்குத் தனியாக எழுத வேண்டியிருக்காது என்ற நப்பாசையும் இதில் கலந்திருக்கிறது. அதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

குளுவாங் ஐயாவுக்குத் திருத்திய படியை இலவசமாக அனுப்பினேன். அவர் நாற்பது வெள்ளியை வங்கியில் போட்டுவிட்டுத்தான் படித்தார். படித்து முடித்து அழைத்தார்.

"முன்ன வந்ததே தேவலாம் தம்பி. அந்தப் பதினாறு பக்கம் இல்லாமலே கதை நிக்குது. ஸ்டேஷன்ல ஒங்க தாத்தா ரொம்பப் பேசுறாரு."

வலித்தது. ஆனால் வாழ்நாளில் முதல் முறையாக ஒருவர் என் எழுத்தைத் திருத்தியிருக்கிறார். இப்போது எழுதிக்கொண்டிருப்பதை, அச்சகத்தின் விலை கேட்பதற்கு முன்பே, அவரிடம் கொடுத்திருக்கிறேன். முதல் அத்தியாயம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.